வெள்ள வரைபடமும் நிலமட்டமும்

வெள்ளக் காலத்தில் எந்தத் தெரு மூழ்கும், மக்களை எங்கே தங்க வைக்கலாம், கால்நடைகளை எந்த மேட்டிற்கு ஓட்டிச் செல்லலாம் என்பனவற்றை முன்கூட்டியே அறிய வெள்ள அபாய வரைபடம் உதவுகின்றது. ஆயின், அதற்கு ஆதாரமான நிலமட்ட அளவு சரியாக இருந்தால்தான் அவ்வரைபடத்தை நம்ப முடியும்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எண்டவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி வந்து, ராடார் அலைகளைக் கொண்டு உலகின் பெரும்பகுதியை அளந்தது. அவ்வளவு பல வெள்ள வரைபடங்களுக்கு அடிப்படையாயிற்று. ஆனால், ராடார் அலைகள் அடர்ந்த மரங்களை ஊடுருவித் தரையை முற்றிலும் எட்டுவதில்லை. வீட்டுக் கூரைகளும் தரையோடு கலந்துவிடுகின்றன. ஆகவே, தாழ்வான தோப்பும் நெருங்கிய குடியிருப்பும் மேடாகத் தோன்றும். கடலோர நிலங்களில் இப்பிழை சராசரியாக ஏறத்தாழ 2 மீட்டர்.

இப்பிழையைத் திருத்திய ஆய்வு ஒன்று 2019-ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆண்டுக்கொரு முறை நேரக்கூடிய கடல் வெள்ள மட்டத்திற்குக் கீழே வாழ்வோர் உலகில் ஆறரைக் கோடி எனப் பழைய அளவு காட்டியது. திருத்திய அளவின்படி அத்தொகை 25 கோடி.

சமவெளியில் இப்பிழையின் விளைவு பெரிது. 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் மலைச்சரிவில், 2 மீட்டர் பிழையால் வெள்ள எல்லை 20 மீட்டரே நகரும். காவிரிப் படுகையில் ஒரு நிலம் 2 கிலோமீட்டருக்கு 1 மீட்டர் தாழ்வதாகக் கொள்வோம். அங்கு அதே பிழையால் எல்லை 4 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். இடைப்பட்ட சிற்றூர்கள் பாதுகாப்பானவை எனத் தவறாகக் குறிக்கப்படும்.

மேலும், அவ்வளவில் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுடையது. குறுகிய ஆற்றங்கரையும் வாய்க்காலும் அதில் தனியே புலப்படா. விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளக்கும் முறை இதனினும் நுட்பமானது. ஆயினும் செலவு மிக்கது. அதிலும் சாலைக்கு அடியிலுள்ள மதகுகளைத் தனியே குறித்தல் வேண்டும்.

ஆதலின், பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் ஆற்றவேண்டிய பணிகள் சில உள. வெள்ளம் வடிந்தவுடன், நீர் நின்ற உயரத்தை நிலையான சுவர்களில் தேதியுடன் குறித்து வைத்தல் வேண்டும். மதகுகளையும் உடைப்பெடுத்த கரைகளையும் பட்டியலிடுதல் வேண்டும். வரைபடம் கிடைத்ததும் இவற்றோடு ஒப்பிட்டு, மாறுபாடு இருப்பின் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் அறிவித்தல் நன்று. தங்குமிடமாகத் தேர்ந்த கட்டடத்தின் தரைமட்டத்தை லெவல் கருவி கொண்டு அளந்து தருமாறு கோருதல் மிக அவசியம். மேடென்று நம்பி மக்களைச் சேர்க்குமிடம் மெய்யாகவே மேடாக இருத்தல் வேண்டுமன்றோ!