ஆட்டக்காரனை உயர்த்தும் ஆட்டமுறை

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் கோவை. அந்நகரின் நேரு விளையாட்டரங்கில் 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3–1 என வென்று, ஐ-லீக் பட்டத்தைச் சூடியது சென்னை சிட்டி அணி. முந்தைய பருவத்தில் பத்து அணிகளுள் எட்டாமிடம் பெற்ற குழு அது!

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பெரும்புகழ் வீரர்களைத் தேடவில்லை. ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிய சிலரையும், தமிழ்நாட்டு இளைஞர் பலரையும் கொண்டே அணி அமைத்தார். பந்தைத் தரையோடு, அருகிலுள்ளவனுக்குத் தட்டிக்கொடுத்து முன்னேறுவதே அவர் வகுத்த முறை.

இத்தகைய முறையில், பந்து வருமுன்பே தோழன் நிற்கும் இடம் ஆட்டக்காரனுக்குத் தெரியும். தயக்கம் குறைகிறது, விரைந்து ஓட இயலாதவனும் விரைந்து ஆடுகிறான். எத்தகைய ஆள் வேண்டும் என்பது தெளிவாதலால், பிறர் மதியாத திறனும் பயிற்சியாளர் கண்ணில் படுகிறது.

அப்பருவத்தில் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். தமிழ் இளைஞர் எட்வின் வான்ஸ்பாலை, இந்தியன் சூப்பர் லீகில் ஆடும் சென்னையின் எஃப்.சி. அதே ஆண்டில் சேர்த்துக்கொண்டது.

நண்பர்களே! நம் அணித் தேர்வில் வேகத்தையும் உடற்கட்டையும் மட்டுமே நோக்கிப் பலரை ஒதுக்குகிறோம். முதலில் ஆட்டமுறையை வகுப்போம். பிறகு ஆளைத் தேடுவோம். ஓரத்தில் நிற்கும் ஒருவன் அப்போது நமக்குத் தேவைப்படுவான்.