இலேசா இருந்தா மட்டும் போதுமா? டென்னிஸ் ஷூ, நடை ஷூ வாங்கும் முன் ஒரு நிமிடம்!



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா மனசு கேட்காமல் சொன்னார்.

"எம் பொண்ணு ஒம்போதாவது படிக்கிறா. ஸ்கூல்ல டென்னிஸ் டீம்ல சேர்த்திருக்காங்க. ஷூ வேணும்னு பி.டி. டீச்சர் சொன்னாங்க. கடையில போய்க் கேட்டா, 'பஞ்சு மாதிரி இருக்கும்மா, கனமே இல்ல'ன்னு ஒண்ணக் குடுத்தாங்க. ஆயிரத்து இருநூறு ரூபா. குழுவுல உள்கடன் வாங்கித்தான் எடுத்தேன். மூணாவது நாளே பந்த எடுக்கப் பக்கவாட்டுல ஓடினவ, கணுக்கால் மடங்கி விழுந்துட்டா. மூணு வாரம் கட்டு. குறுவட்டப் போட்டிக்கே போக முடியல. அவ அழுதது இன்னும் கண்ணுலயே நிக்குது."

அந்த ஷூவை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தோம். கிழியவில்லை, பிரியவில்லை. ஷூ நல்ல ஷூதான். ஆனால் அது நேராக ஓடுவதற்கான ஷூ. டென்னிஸ் ஆடுவதற்கான ஷூ அல்ல. அந்த அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. நம்மில் பலருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

டென்னிஸ் ஷூ என்றால் என்ன?

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் வெயிலுக்கு உருகாது, குளிருக்கு உடையாது என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டறிந்தார். அதன் பிறகுதான் ரப்பர் அடிப்பாகமும் துணி மேல்பாகமும் கொண்ட இலேசான ஷூக்கள் பெருகின. புல்தரையில் டென்னிஸ் ஆடுபவர்களுக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. வழுக்காது, புல்லையும் கிழிக்காது. 1884-ல் விம்பிள்டனில் பெண்களுக்கும் தனிப் போட்டி தொடங்கியது. அப்போது அவர்கள் கணுக்கால் வரை நீண்ட பாவாடையோடுதான் ஆடினார்கள்! புடவையோடு நடைப்பயிற்சி போகும் நமக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

அமெரிக்காவில் பலர் எந்த விளையாட்டு ஷூவையும் 'டென்னிஸ் ஷூ' என்றே சொல்வார்கள். நம் ஊரில் கேன்வாஸ் ஷூ, ஸ்போர்ட்ஸ் ஷூ என்கிறோம். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். உள்ளே இருக்கும் வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஓட்ட ஷூ வேறு, டென்னிஸ் ஷூ வேறு

ஓடும்போதும் நடக்கும்போதும் நம் கால் முன்னோக்கி மட்டுமே போகிறது. அதற்கான ஷூவில் குதிகால் பக்கம் உயரமாக, மெத்தென்ற நுரை வைத்திருப்பார்கள். மேல்பாகம் வலை போன்ற துணி. கனம் குறைவு, காற்றோட்டம் அதிகம்.

டென்னிஸில் அப்படி இல்லை. வலது பக்கம் பாய்வார்கள், சட்டென்று நிற்பார்கள், இடது பக்கம் திரும்புவார்கள். அப்போது உடம்பின் முழு எடையும் பாதத்தின் வெளி விளிம்பில் விழும். அங்கே உயரமான மெத்தை நுரை இருந்தால் அது அமுங்கிவிடும். பாதம் வெளிப்பக்கம் சாயும், கணுக்கால் மடங்கும். அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான்.

அதனால் டென்னிஸ் ஷூவில்,

• அடிப்பாகம் தரையோடு ஒட்டித் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும்.
• பக்கவாட்டு விளிம்பு கெட்டியாக இருக்கும்.
• பந்து அடிக்கும்போது விரல் நுனி தரையில் உரசும். அதனால் முன்பக்கம் கூடுதல் ரப்பர் வைத்திருப்பார்கள்.
• அடியில் மீன்முள் போல வளைந்து வளைந்து கோடுகள் இருக்கும். இது எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடிப்புக் கொடுக்கும்.

இத்தனையும் சேர்ப்பதால் டென்னிஸ் ஷூ ஓட்ட ஷூவைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். பெண்களுக்கான டென்னிஸ் ஷூ ஒன்று 300 கிராமை ஒட்டி இருக்கும். அதற்குக் குறைந்தால் இலேசான வகை. ஓட்ட ஷூ 200 முதல் 250 கிராமிலேயே கிடைக்கும். 'டென்னிஸ் ஷூதான், ஆனா இறகு மாதிரி இருக்கும்' என்று கடைக்காரர் சொன்னால், பக்கவாட்டு விளிம்பை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

கனம் குறைந்தால் என்ன லாபம்?

லாபம் உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். தினமும் 4 கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 6,000 அடி எடுத்து வைக்கிறோம். ஒவ்வொரு காலும் 3,000 முறை தூக்கப்படுகிறது. ஷூ 100 கிராம் கூடுதல் கனமாக இருந்தால், 3,000 முறை 100 கிராம் என்றால் 300 கிலோ! அதாவது 25 கிலோ அரிசி மூட்டை பன்னிரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு காலும் தூக்கியதற்குச் சமம். ஓடுபவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் உடம்பு செலவழிக்கும் சக்தி சுமார் 1 சதவீதம் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

ஆனால் கனத்தைக் குறைக்க வேண்டும் என்றால் எதையாவது எடுத்தாக வேண்டும். ரப்பரை மெல்லியதாக்கினால் சீக்கிரம் தேயும். குதிகால் பிடிப்பை எடுத்தால் கால் ஆடும். எனவே முதலில் என்ன வேலைக்கு என்று பாருங்கள். அடுத்து பொருத்தம். கடைசியில்தான் கனம்.

நமக்கு எதுக்குங்க ஷூ?

"அதெல்லாம் படிக்கிற புள்ளைங்களுக்கு. புடவைக்கு ஷூ போட்டா ஊரே சிரிக்கும்" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. சிரிக்கிறவங்க நம்ம காலால நடக்கப் போறதில்லை!

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் தன்னார்வலர்களாக நம் சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அவர்களுக்கு நடப்பதே வேலை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கினார்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் தங்கைகளும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அது நமது உரிமை. அதோடு நல்ல காலணியும் சேர்ந்தால் மாலையில் குதிகால் வலி குறையும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் மேல்பாகம் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெளிநாட்டுக்குப் போகும் ஷூவை நாம் தைக்கலாம், நம் காலுக்கு ஒன்று போடக் கூடாதா?

கடையில் பார்க்க வேண்டிய ஏழு விஷயங்கள்

1. மாலையில் வாங்கப் போங்கள். நின்று நடந்து வேலை செய்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் இறுக்கும்.

2. இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு பாதம் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் சுமார் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். "போடப் போட லூஸாகிடும்மா" என்ற பேச்சை நம்ப வேண்டாம். நீளம் ஒருபோதும் கூடாது.

3. முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். எழுந்து நின்று, நீளமான விரலுக்கு முன்னால் அழுத்திப் பாருங்கள். இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும்.

4. குதிகால் வழுகக் கூடாது. பெண்களின் பாதம் முன்பக்கம் அகலமாகவும் குதிகால் பக்கம் ஒடுக்கமாகவும் இருப்பது வழக்கம். ஆண்கள் ஷூவில் சின்ன நம்பரை எடுத்தால் முன்பக்கம் சரியாக இருக்கும், பின்பக்கம் ஆடும். அண்ணன் போட்ட பழைய ஷூவைத் தங்கைக்குக் கொடுப்பதிலும் இதே பிரச்சினைதான்.

5. வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் ஷூவும் வளைய வேண்டும். நட்டநடுவில் இரண்டாக மடங்கினால் வேண்டாம்.

6. முறுக்கிப் பாருங்கள். முன்னையும் பின்னையும் பிடித்து, துணி பிழிவது போல் முறுக்குங்கள். துணி மாதிரி முறுக்கிக்கொண்டால் விளையாட்டுக்கு ஆகாது. குதிகால் பின்பக்கத்தை விரலால் அழுத்துங்கள். சப்பையாக அமுங்கக் கூடாது.

7. இரண்டு கையிலும் இரண்டு வகையைத் தூக்கிப் பாருங்கள். நுரை அடிப்பாகம் இலேசாக இருக்கும். பி.வி.சி. அடிப்பாகம் விலை குறைவு, ஆனால் கனம், வெயிலில் சுடும். நுரையும் தேயும் இடங்களில் ரப்பரும் சேர்த்து ஒட்டியிருப்பது நடுத்தரமான நல்ல தேர்வு.

இதெல்லாம் பார்த்த பிறகு, காட்டன் சாக்ஸ் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள். விளையாட்டுக்கு என்றால் பிள்ளையைப் பக்கவாட்டில் நாலு தாவு தாவச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். நாம் காசு கொடுக்கிறோம்!

விலையும் பில்லும்

விலை கூடியது எல்லாம் நல்லது இல்லை. ரொம்பக் குறைந்ததும் லாபம் இல்லை. 400 ரூபாய் ஷூ இரண்டு மாதத்தில் அமுங்கிப் போனால் மாதம் 200 ரூபாய். 1,500 ரூபாய் ஷூ எட்டு மாதம் வந்தால் மாதம் 190 ரூபாய்கூட ஆகாது. பொதுவாக நல்ல நடை ஷூவின் நுரை 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். மேலே புதுசு போல் இருந்தாலும், உள்ளே நுரை செத்துவிட்டால் முழங்கால் சொல்லிவிடும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எம்.ஆர்.பி. என்றால் வரியெல்லாம் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பில் கண்டிப்பாக வாங்குங்கள். பழுது வந்து கடையில் கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

சர்க்கரை உள்ள சகோதரிகள் கவனத்துக்கு!

எங்கள் பக்கத்தில் ஓர் அக்காவுக்குப் பத்து வருஷமாக சர்க்கரை. மகனின் பழைய ஷூவைப் போட்டு நடைப்பயிற்சி போனார். உள்ளே ஒரு சின்னக் கல். காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் தெரியவே இல்லை. சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது.

• ஷூ போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.
• புது ஷூவை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.
• தினமும் இரவு பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.
• கால் மரத்துப்போனவர்களும் புண் வந்து ஆறியவர்களும் தாங்களாக ஷூ வாங்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டாக்டர் சொல்லும் எம்.சி.ஆர். செருப்போ ஷூவோ போடுங்கள்.

பராமரிப்பு

ஈரமான ஷூவைக் கடும் வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ காய வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காய வையுங்கள். வாஷிங் மெஷினில் போட வேண்டாம். சாக்ஸைத் தினமும் துவையுங்கள். லேஸை அவிழ்த்துக் கழற்றுங்கள். குதிகாலை மிதித்துக் கழற்றினால் பின்பிடிப்பு சீக்கிரம் செத்துவிடும்.

குழுவில் செய்து பார்ப்போம்

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு பழைய தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள். தாளின்மேல் நின்று, பக்கத்தில் இருப்பவரை உங்கள் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். பிறகு உங்கள் ஷூவையோ செருப்பையோ அந்தப் படத்தின்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிகிறதா? அப்படியென்றால் இத்தனை நாளாக உங்கள் கால் நெருக்கடியில் இருந்திருக்கிறது. பாதி உறுப்பினர்களுக்காவது ஆச்சரியம் காத்திருக்கிறது, பாருங்கள்! பிள்ளைகளுக்கும் அதே போல் வரைந்து, அந்தத் தாளையே கடைக்கு எடுத்துப் போங்கள். பத்துப் பேர் சேர்ந்து போனால் விலையிலும் கேட்டு வாங்கலாம்.

ஊக்குநர் அக்காவின் மகள் இப்போது சரியான டென்னிஸ் ஷூவோடு மறுபடி ஆடப் போகிறாள். பழைய ஓட்ட ஷூ என்ன ஆயிற்று என்று கேட்டோம். "அளவு வரைஞ்சு பாத்தேன், எனக்குச் சரியா இருக்கு. இப்ப காலையில நான் போட்டுட்டு நடக்குறேன். நேராத்தானே நடக்கிறோம்!" என்று சிரித்தார்.

பொருளில் குறை இல்லை, அதற்கான வேலை தெரிந்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் சகோதரிகளே!