விடுதி அறையில் கடல் தொட்டி: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமராவதிபுதூர் கடற்கரை ஊர் அல்ல. ஆனால் கடல் அதிகத் தூரமும் இல்லை. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் தொண்டி வந்துவிடும். காரைக்குடி வட்டாரக் கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள், கைப்பேசியில் பவளமும் கோமாளி மீனும் நிறைந்த கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "அறையில் இப்படி ஒன்று வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார்கள். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லையே என்று பெற்றோரும் தலையசைத்து விடுகிறோம்.

ஆசை நல்லதுதான். ஆனால் இதில் தெரியாமல் கால் வைத்தால் பணம் மட்டும் போகாது; உயிர்கள் போகும், வழக்கும் வரலாம். கடல் மீன் வளர்க்கலாம், பவளம் வேண்டாம் என்பதே நாம் சொல்ல வருவது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல

பவளம் ஓர் உயிரினம். மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தை எடுத்துச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைத்தார்களே, அதற்கு மூலமான கிளிஞ்சலும் பவளக் கூடும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். அந்த உயிரின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுப்பதும், அதற்கு நிறம் தருவதும் பெரும்பாலும் அந்தப் பாசிதான். தண்ணீர் சூடேறினால் பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. சூடு நீடித்தால் மடிகிறது.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றி வளர்பவைதான் நம் பவளப்பாறைகள். பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அவற்றை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பாறை குறைந்ததால் தீவுகள் அரித்தன. இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே விட்டன. 1986-ல் அந்தப் பகுதி கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனது. 2010, 2016 கோடைகளில் நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியபோது அங்குள்ள பவளம் பரவலாக வெளுத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கடற்குதிரையும் கடல் அட்டையும் அதே அட்டவணையில்தான். இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

"வெளிநாட்டுப் பவளம்தானே" என்று கடைக்காரர் சொல்லலாம். 2022-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கற்பவளங்கள் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. ரசீதும் உரிய ஆவணமும் இல்லாத ஒரு துண்டு பவளம் மன்னார் வளைகுடாவிலிருந்து வந்ததா, வெளிநாட்டிலிருந்து வந்ததா என்பதை மாணவரால் நிரூபிக்க முடியாது. கடலிலிருந்து எடுத்து "உயிர்ப்பாறை" என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் பவளக் கூடுதான். கரையில் ஒதுங்கிய துண்டையும் எடுத்து வர வேண்டாம். வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிக்கப் போகும் வயதில் வழக்கு எதற்கு?

ஆகவே, பானை ஓடு போலச் சுட்ட செராமிக் பாறைகள், கோமாளி மீன்கள், கடல்நீர், இவை போதும். அழகுக்குக் குறைவு இராது.

சின்னத் தொட்டிதான் கடினம்

சிறிய தொட்டி என்றால் சிறிய வேலை என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. கடல் பெரிது என்பதால் அதன் உப்பும் சூடும் மெதுவாகத்தான் மாறும். 40 லிட்டர் தொட்டியில் எல்லாமே ஒரே நாளில் மாறிவிடும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 40 லிட்டருக்கு 1.4 கிலோ. செட்டிநாட்டு வெயிலில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 33 லிட்டரில் அதே 1.4 கிலோ, அதாவது லிட்டருக்கு 42 கிராம். மீன் தாங்காது. எனவே குறைந்த அளவை நாள்தோறும் நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரால் அல்ல.

நல்ல தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீர். போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்துள்ள உப்புகள் பாசியை வளர்க்கும், கணக்கையும் கெடுக்கும். சமையல் உப்பு உதவாது. கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம், கால்சியம் போன்றவையும் இருக்கின்றன. தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புத் தூளைத்தான் கரைக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டினால் சரி. தொண்டிக் கரையோரத் தண்ணீரை கேனில் பிடித்து வந்து அப்படியே ஊற்றுவது சரிவராது. சேறும் படகு எண்ணெயும் கலந்திருக்கும்.

மீனுக்கு முன் பாக்டீரியா

மீனின் கழிவிலும் மிஞ்சிய உணவிலும் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். பாறையிலும் மணலிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதுவரை தொட்டியில் மீன் விடக்கூடாது. தண்ணீரை ஓடவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போட்டு, சோதனை கிட்டில் அளந்து பார்க்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறிப் பிறகு பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். வாங்கிய அன்றே மீன் விடுவதுதான் பெரும்பாலான தொட்டிகள் தோற்பதற்குக் காரணம். தயாரான பின் வாரந்தோறும் 4 லிட்டரை எடுத்துவிட்டு, 140 கிராம் உப்பு கரைத்த புது 4 லிட்டரை ஊற்றினால் நைட்ரேட் கட்டுக்குள் இருக்கும்.

வெயில், கரண்ட், உப்பு

தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நம் பக்கத்துக் கோடையில் மாடி அறை அதைவிட வெகு சூடாகும். தண்ணீரின் மேல்பரப்பில் சிறு விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாவது கூடும் என்பதால் நிரப்பும் வேலையும் கூடும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டி கூடாது. கரண்ட் போனால் ஆக்சிஜன் குறையும். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று அவசியம்.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பிளக் தொட்டிக்குக் கீழே இருக்கக்கூடாது. வயர் ஒரு வளைவாகத் தாழ்ந்து, பிறகு மேலேறி பிளக்கைச் சேர வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைத்தே தீர வேண்டும். தெறிக்கும் உப்பு இரும்புக் கட்டிலையும் மடிக்கணினியையும் அரிக்கும். உப்பு நீர் உலோகத்தை அரிப்பதை ஆராய்வதற்கென்றே காரைக்குடி சிக்ரி நிறுவனம் மண்டபத்தில் தனி நிலையம் வைத்திருக்கிறது என்றால், அதன் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம்.

எந்த மீன்?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. இப்படிப் பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்க வேண்டும். அது உலர் உணவு தின்னப் பழகியது. கடலிலிருந்து ஒரு மீனும் குறையாது. 40 லிட்டருக்கு ஒரு ஜோடி போதும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரும்; ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும்.

விடுமுறையில் யார் பார்ப்பது?

அனுமதி தருமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம், செமஸ்டர் விடுமுறைக்கு ஒரு மாதம் என்று பிள்ளை ஊருக்கு வந்துவிடும். தொட்டியோ நாள்தோறும் தண்ணீர் கேட்கும். வார்டன் அனுமதியும், அறைத்தோழர் சம்மதமும், விடுமுறையில் பொறுப்பேற்க ஒருவரும் இல்லையென்றால் தொட்டியை வீட்டிலேயே வைப்பதுதான் முறை. வாயில்லாத உயிரும் நம்மிடம் உள்ள அமானிதம்தான். படிப்பு முடிந்து கலைக்கும்போது மீனையும் உப்புத் தண்ணீரையும் ஊருணியில் கொட்டக்கூடாது. மீனை வளர்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பவளத்தைப் பார்க்கும் ஆசைக்கும் வழி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மண்டபம் போய், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன் காட்சியகத்தைப் பார்த்து வரலாம். மன்னார் வளைகுடாவில் வளரும் 117 வகைப் பவளத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்லிக் கொடுப்போம். அவை கடலிலேயே இருக்கட்டும்.