ரசாக்சாட் இன்னும் மேலேதான் இருக்கிறது

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் தேயிலைக்குப் பஞ்சமில்லை, மேகத்துக்கும் பஞ்சமில்லை. பிரிஞ்சாங் உச்சிக்குப் போகும் வழியில் சுங்கை பாலாஸ் தோட்டத்துச் சரிவுகள் காலையில் பச்சைப் பசேலென்று தெரியும். மதியம் திரும்பினால் எதிர்ச்சரிவு இருந்த இடம் தெரியாது. இந்த மேகத்தைச் சமாளிக்கத்தான் மலேசியா ஒருமுறை பெரும் பணம் செலவழித்து ஒரு செயற்கைக்கோளை ஏவியது.

பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றுபவை. ஒரே இடத்துக்கு மேலே அவை மறுபடி வர நாள்கணக்காகும். வரும் நேரத்தில் மேகம் மூடியிருந்தால் அந்த முறை போனதுதான். வெயில் நாட்டுக்கு இது போதும். நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைநாட்டுக்குப் போதாது. ஆகவே நிலநடுக்கோட்டை ஒட்டியே ஒரு கோளைச் சுற்றவிட்டால் ஒரே நாளில் பலமுறை வரும், ஏதாவது ஒரு முறை மேகம் விலகியிருக்கும் என்று திட்டமிட்டார்கள். அப்படி உருவானதுதான் ரசாக்சாட். நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் பெயரைத் தாங்கியது. எடை 180 கிலோ. தரையில் இரண்டரை மீட்டர் அகலமுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும் கேமரா அதில் இருந்தது.

2009 ஜூலை 14 அன்று பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில் உள்ள ஓமெலெக் என்ற சிறு தீவிலிருந்து, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. இன்று உலகத்தையே தன் ராக்கெட்டுகளுக்குக் காத்திருக்க வைக்கும் அந்த நிறுவனம் வெற்றிகரமாக ஏவிக்கொடுத்த முதல் வாடிக்கையாளரின் கோள் மலேசியாவுடையது. உயரம் சுமார் 685 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்குச் சாய்வு 9 பாகை. மூன்று ஆண்டு வேலை செய்யும் என்றார்கள். ஏறக்குறைய ஓராண்டிலேயே முடங்கிவிட்டது. சுமார் 14 கோடி ரிங்கிட் செலவு என்பது தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையில் வெளிவந்தபோது நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். பணம் வீணானதைப் பற்றித்தான் பேச்செல்லாம். அந்தப் பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

அது இன்னும் மேலேதான் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். பூமியும் கூடவே சுழல்வதைக் கழித்துப் பார்த்தால் நாளொன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு தடவை கேமரன் மலையின் வானத்தைக் கடக்கிறது. கன்னியாகுமரியும் இலங்கையின் தென்பாதியும் அதே பாதையின் கீழ்தான் வருகின்றன. அந்த உயரத்தில் காற்று மிக மெல்லியது. அதன் உரசல் கோளை மெல்ல மெல்லத்தான் கீழே இழுக்கும். இறங்கி எரிந்து முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை கட்டளைக்கு அடங்காத 180 கிலோ உலோகம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

வானம் பெரியது, ஒன்று கிடந்தால் என்ன என்று தோன்றலாம். எந்தச் சாய்வில் சுற்றும் கோளாக இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்தாக வேண்டும். துருவப் பாதையில் வருபவையும் நடுச்சாய்வில் வருபவையும் எல்லாமே. அதனால் நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றும் ஒரு பொருள், அதே உயரத்தில் இருக்கும் மற்ற அனைத்தின் குறுக்கேயும் போய்க்கொண்டிருக்கிறது. துருவப் பாதையில் வரும் ஒன்றோடு அது செங்குத்தாக மோதினால் மோதல் வேகம் நொடிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் ஒரு சென்டிமீட்டர் துணுக்கே ஒரு செயற்கைக்கோளை முடித்துவிடப் போதும்.

இது வெறும் கணக்கு அல்ல, நடந்ததுதான். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, ஏறக்குறைய 790 கிலோமீட்டர் உயரத்தில், வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்காவின் இரிடியம் 33 கோளும் செயலிழந்து கிடந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251 கோளும் மோதின. கண்காணிக்கக்கூடிய அளவிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. ஒரு மோதலின் துண்டுகள் அடுத்த மோதலுக்குக் காரணமாகி, அது இன்னொன்றுக்குக் காரணமாகி, சில உயரங்கள் பயன்படுத்தவே முடியாமல் போகலாம் என்று நாசாவின் டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே எழுதிவிட்டார். இன்று ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் மட்டும் சுமார் 12 லட்சம் இருக்கும் என்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மதிப்பீடு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ராடாருக்குச் சிக்காத அளவு சிறியவை.

தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது? பதில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைகளிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வீடு அஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு. கேமரன் மலையில் அந்தத் தட்டு கிட்டத்தட்ட நேர்மேலே பார்க்கிறது. செங்குத்திலிருந்து 13 பாகைதான் மேற்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். அது பார்ப்பது 91.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள ஒரே ஒரு புள்ளியை. நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுழல்வதால் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் இடம் அது. வானவில், விண்மீன் அலைவரிசைகளில் வரும் தமிழ்த் தொடரும் தீபாவளி நிகழ்ச்சியும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. பலத்த மழை பெய்தால் படம் போவது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். மழை விட்டதும் திரும்பி வந்துவிடும்.

2021 ஜூன் 21 அன்று வந்த கோளாறு அந்த வகை அல்ல. 2006 டிசம்பரில் ஏவப்பட்டு அந்தப் புள்ளியில் நின்றிருந்த மியாசாட் 3 செயற்கைக்கோள் திடீரென்று கட்டுப்பாட்டை இழந்து, தன் இடத்தைவிட்டு நகரத் தொடங்கியது. அதைக் கொண்டு நடந்த சேவைகள் தடைபட்டன. அருகில் நின்ற மியாசாட் 3ஏ, 3பி ஆகியவற்றுக்கும் வேறு நிறுவனக் கோள்களுக்கும் வாடிக்கையாளர்களை மாற்றினார்கள். பழைய கோளை இனிச் சேவைக்குக் கொண்டுவர முடியாது, பாதையிலிருந்து அகற்றப்போகிறோம் என்று மியாசாட் நிறுவனம் பின்னர் அறிவித்தது. பதினைந்து ஆண்டு ஆயுளுக்குக் கட்டிய கோள் அது. அந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த உயரத்தில் நிற்கும் கோளுக்கு ஓய்வு கொடுக்க எழுதப்படாத ஒரு மரபும் எழுதப்பட்ட ஒரு வழிகாட்டுதலும் உண்டு. மீதமுள்ள எரிபொருளை எரித்து, வழக்கமான பாதைக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் மேலே தள்ளிவிட்டு, தொட்டிகளைக் காலியாக்கி, மின்கலங்களை அணைத்துவிட வேண்டும். அங்கே இழுக்கக் காற்று கிடையாது, தானாகக் கீழே விழவும் விழாது. ஆகவே ஒதுக்கி வைப்பதுதான் ஒரே வழி. இதற்குத் தேவையான எரிபொருள் அதிகமில்லை. கோளை இடம் பிசகாமல் நிறுத்தி வைக்க மூன்று மாதங்களுக்குச் செலவாகும் அளவுதான். ஆனால் அந்த மூன்று மாதங்கள் வருமானம் தரும் மாதங்கள். இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்ற ஆசை உலகெங்கும் கோள்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு உண்டு. எரிபொருள் இருந்தும் கோள் கட்டளைக்குப் பதில் சொல்லாமல் போனால் ஒதுக்கவும் முடியாது. 2017 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் டெல்காம் 1 கோள் அதே உயரத்தில் சேதமாகித் துண்டுகளை உதிர்த்தபோது நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான ஏடிஎம் இயந்திரங்கள் நின்றன. பணம் எடுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மியாசாட் 3 நின்ற இடத்துக்கு மியாசாட் 3டி போனது. 2022 ஜூன் 22 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. அதே ராக்கெட்டில் உடன் போனது இஸ்ரோ கட்டிய ஜிசாட் 24; இந்திய வீடுகளுக்கு டாடா பிளே ஒளிபரப்பைத் தர வந்தது. ஆக, கேமரன் மலை லயத்திலும் தமிழ்நாட்டுத் தெருவிலும் பல கூரைத் தட்டுகள் பார்க்கும் கோள்கள் ஒரே பயணத்தில் மேலே போனவை.

மேலே இருப்பதைப் போலவே கீழே விழுவதும் மலேசியாவுக்குப் புதிதல்ல. 2022 ஜூலை 31 நள்ளிரவு ஒரு மணிக்குச் சற்று முன்பு, சரவாக்கின் கூச்சிங் மக்கள் வானத்தில் நெருப்புத் துண்டுகள் வரிசையாகப் போவதைக் கைப்பேசியில் படம்பிடித்தார்கள். எரிகல் மழை என்றே பலர் நினைத்தார்கள். அது, ஒரு வாரத்துக்கு முன் சீனா ஏவிய லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் இருபது டன்னுக்கும் மேற்பட்ட அடிநிலை. கட்டுப்பாடில்லாமல் எங்கே விழும் என்று தெரியாமலேயே விட்டிருந்தார்கள். கலிமந்தானிலும் சரவாக்கிலும் உலோகத் துண்டுகள் கிடைத்தன, யாருக்கும் காயமில்லை. 2020-இல் இதே வகை ராக்கெட்டின் துண்டுகள் ஐவரி கோஸ்ட் கிராமங்களில் விழுந்திருந்தன. இப்படி விழுந்தால் ஏவிய நாடே பொறுப்பு என்று 1972-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் சொல்கிறது. 1978-இல் அணுஉலையோடு கனடாவில் விழுந்த காஸ்மாஸ் 954-க்காக சோவியத் ஒன்றியம் முப்பது லட்சம் கனடிய டாலர் கொடுத்தது. கேட்டதில் அது பாதிதான்.

ஒழுங்காக இறக்க முடியும் என்பதற்கும் நமக்குத் தெரிந்த வானத்திலேயே சான்று இருக்கிறது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து கட்டிய மேகா டிராபிக்ஸ் 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. ரசாக்சாட்டைப் போலவே வெப்பமண்டலத்துக்கென்றே சாய்வு குறைவான பாதை, அதாவது 20 பாகை. உயரம் சுமார் 870 கிலோமீட்டர். கேமரன் மலையின் மேகமும் அது அளந்த மேகங்களில் ஒன்று. மூன்றாண்டுக்கென்று கட்டியது பத்தாண்டு உழைத்தது. பணி முடிந்தபோது தொட்டியில் சுமார் 125 கிலோ எரிபொருள் மிச்சம். அப்படியே விட்டிருந்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் சுற்றியிருக்கும்.

இஸ்ரோ அதை விடவில்லை. 2022 ஆகஸ்ட் முதல் சிறிது சிறிதாக இருபது முறை இயந்திரங்களை இயக்கிப் பாதையைத் தாழ்த்திக்கொண்டே வந்தார்கள். 2023 மார்ச் 7 அன்று கடைசி இரண்டு எரிப்புகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிடம். கோள் காற்றில் நுழைந்து பசிபிக்கின் ஆளில்லாப் பரப்பில் முடிந்தது. இந்தக் கோளைக் கட்டும்போது இப்படி இறக்கும் எண்ணமே கிடையாது. வெப்பம் ஏறும்போது கருவிகள் எப்படி நடந்துகொள்ளும், தரைநிலையங்களின் பார்வையில் எத்தனை நிமிடம் இருக்கும் என்றெல்லாம் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். எனக்கு இந்திய விண்வெளி வரலாற்றில் மிகவும் பெருமை தரும் நாள்களில் அது ஒன்று. நிலாவில் இறங்கிய நாளுக்கு இருந்த கைதட்டல் அதற்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவும் இதைப் பட்டுத்தான் கற்றது. 2001 அக்டோபரில் பறந்த பிஎஸ்எல்வி சி3 ராக்கெட்டின் மேல்நிலை, மிச்சமிருந்த எரிபொருளால் இரண்டு மாதம் கழித்து வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. அதன் பிறகு வேலை முடிந்ததும் மிச்ச எரிபொருளை வெளியேற்றிவிடும் ஏற்பாடு வந்தது. இன்று அதே நான்காம் நிலையை ‘போயம்’ என்ற பெயரில் சோதனை மேடையாகப் பயன்படுத்திவிட்டு, தாழ்வான பாதைக்கு இறக்கி எரியவிடுகிறார்கள். 2030-க்குள் இந்தியாவிலிருந்து போகும் எந்தப் பயணமும் குப்பை போடாது என்று 2024-இல் இஸ்ரோ அறிவித்தது. அந்த உறுதிமொழியை மதிக்கிறேன். 2019 மார்ச் 27 அன்று சொந்தக் கோளையே ஏவுகணையால் உடைத்து நானூறு துண்டுகளாக்கிய ‘மிஷன் சக்தி’யை அதோடு சேர்த்து வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. தாழ்ந்த உயரத்தில்தான் உடைத்தோம் என்ற விளக்கம் இருக்கிறது. சில துண்டுகள் விண்வெளி நிலையத்துக்கும் மேலே தூக்கியெறியப்பட்டன என்பதும் உண்மை.

இப்போது பேச்சு பகாங்குக்கே வந்துவிட்டது. மாநிலத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க முடியுமா என்று சீன நிறுவனம் ஒன்றின் பங்கேற்போடு ஆராயப்போவதாக 2025-இல் செய்தி வந்தது. காரணம் எளிது: நிலநடுக்கோட்டுக்கு அருகே பூமியின் சுழற்சி ராக்கெட்டுக்கு நொடிக்கு 460 மீட்டருக்கு மேல் இலவச வேகம் தரும், கிழக்கே திறந்த கடல். தமிழ்நாட்டில் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. ஏவுவதற்கு உரிமம் தரவும் பொருள்களைப் பதிவு செய்யவும் மலேசியாவில் 2022-ஆம் ஆண்டின் விண்வெளி வாரியச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் தாழ்வான பாதைக் கோள்கள் பணி முடிந்து ஐந்தாண்டுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று 2022-இல் கெடு வைத்தது. அதற்கு முன் உலகம் ஏற்றுக்கொண்டிருந்த கெடு இருபத்தைந்து ஆண்டு.

மலேசியா ஐந்தாண்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கோள் முடங்கினாலும் தானாகவே விரைவில் இறங்கக்கூடிய உயரத்தை முதலில் பரிசீலிக்கச் சொல்ல வேண்டும். உயரம் கூடினால் இறக்கும் எரிபொருளைத் தனியாக ஒதுக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். பகாங்கின் சாத்தியக்கூறு அறிக்கை வெளிவரும் நாளில் எத்தனை வேலை, எத்தனை கோடி முதலீடு என்ற பக்கங்கள் எல்லா நாளேடுகளிலும் வரும். ராக்கெட்டின் அடிநிலை எந்தக் கடலில் விழும், மேல்நிலையை யார், எப்போது, எவ்வளவு எரிபொருளில் இறக்குவார்கள், தவறினால் செலவு யாருடையது என்ற பக்கம் அதில் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை, அஸ்ட்ரோவுக்கு மாதக் கட்டணம் கட்டும் ஒவ்வொரு தோட்டத்து வீட்டுக்கும் உண்டு.