நீலத்திரை என்ன சொல்கிறது?

இரவு 10 மணி. நாளைக் காலை வகுப்பில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையைக் கணிப்பொறியில் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று மவுஸ் நகர மறுக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று மெல்லிய ஓசை. அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை முழுவதும் நீலமாகிவிடுகிறது! வெள்ளை நிறத்தில் ஒரு சோக முகம், சில வரி ஆங்கிலம், அதற்கும் கீழே பெரிய எழுத்துகளில் புரியாத ஒரு பெயர். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். கணிப்பொறி வழக்கம்போல் எழுந்துவிட்டால் நடந்ததை மறந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் புரியாத பெயரை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசி இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'காய்ச்சலாக இருந்தது' என்பதைவிட 'நேற்று மாலை 102 டிகிரி இருந்தது' என்றால் மருத்துவருக்குப் பயன்படும் அல்லவா?

2025-ஆம் ஆண்டில் விண்டோஸ் 11-இல் இந்தத் திரையைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். சோக முகமும் போய்விட்டது. ஆகவே உங்கள் வீட்டில் தோன்றுவது கருந்திரையாகவும் இருக்கலாம். நிறம் எதுவானாலும் செய்தி ஒன்றுதான். பழைய பெயரே நமக்குப் பழகிவிட்டதால் நீலத்திரை என்றே சொல்வோம்.

தானே நின்றுவிடுவது ஏன்?

நீங்கள் பயன்படுத்தும் புரோகிராம்கள், அதாவது எழுதும் புரோகிராம், படம் வரையும் புரோகிராம் எல்லாம், தத்தம் அறைக்குள் அடைபட்டு வேலை செய்கின்றன. ஒன்று தவறு செய்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிடும். மற்றவை தொடர்ந்து ஓடும். ஆனால் எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. அதற்குக் கெர்னல் என்று பெயர். நினைவகம், ஹார்டு டிஸ்க், திரை எல்லாவற்றையும் ஆள்வது அதுதான். கருவிகளை இயக்கும் டிரைவர் என்னும் சிறு புரோகிராம்களில் பலவும் அதனுடன்தான் குடியிருக்கின்றன.

கெர்னலுக்குள் தவறு நேர்ந்தால்? எந்த அறையில் என்ன இருக்கிறது என்ற கணக்கே குழம்பியிருக்கலாம். அந்தக் குழப்பத்தோடு தொடர்ந்து ஓடினால், உங்கள் கட்டுரை இருக்கும் இடத்தில் வேறு எதையாவது எழுதிவிடக்கூடும். அதைவிட நின்றுவிடுவது மேல். வீட்டில் ஃப்யூஸ் எரிவதும் இதற்காகத்தானே? ஃப்யூஸ் எரிந்ததும் நாம் ஃப்யூஸைக் குறை சொல்வதில்லை. எந்த ஒயர் உருகியது, எந்த இஸ்திரிப் பெட்டி பழுது என்று பார்க்கிறோம். நீலத்திரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இது பெரியவர்களையும் விட்டதில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ நகரில் நடந்த கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் விண்டோஸ் 98-ஐக் கூட்டத்துக்குச் செய்து காட்டினார். ஸ்கேனர் ஒன்றை இணைத்ததுதான் தாமதம், பெரிய திரையில் நீலம்! 2024 ஜூலை 19 அன்று நடந்தது இதைப்போல் சிரிக்கக்கூடியது அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையில் விழுந்தன. அந்த நிறுவனத்தின் டிரைவர் கெர்னலில் குடியிருந்ததுதான் காரணம். விமானங்கள் நின்றன. இந்திய விமான நிலையங்களில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுக் கொடுத்தார்கள்.

7ஏ என்னும் எண்

நீலத்திரையில் தோன்றும் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் உண்டு. அது 16-ஐ அடிமானமாகக் கொண்ட எண். அதில் 10 முதல் 15 வரை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று எழுதுவார்கள். ஆகவே 7ஏ என்றால் 7×16+10, அதாவது 122. இந்த எண்ணுக்குரிய பெயர் 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எர்ரர்'. இதன் பொருள் என்ன?

நினைவகத்தில் இடம் போதாதபோது, உடனே தேவைப்படாத பகுதிகளை விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பில் ஒதுக்கி வைக்கும். வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். கெர்னலுக்கு வேண்டிய அப்படியொரு பக்கத்தைக் கேட்டபோது அதைப் படிக்க முடியவில்லை என்பதுதான் 7ஏ. டிஸ்க்கில் அந்த இடம் கெட்டிருக்கலாம். இணைக்கும் கேபிள் தளர்ந்திருக்கலாம். சில சமயம் நினைவகமே பழுதாகியிருக்கலாம்.

7பி என்றால், விண்டோஸ் எழுந்திருக்க வேண்டிய டிஸ்க்கையே அணுக முடியவில்லை. 24 என்றால் கோப்புகளின் அட்டவணை அமைப்பில் கோளாறு. 1ஏ நினைவகத்தைச் சுட்டும்; டி1 பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரைச் சுட்டும். புதிதாக ஒரு கருவியை மாட்டிய மறுநாள் டி1 வந்தால், அந்தக் கருவியைக் கழற்றிப் பார்ப்பதே முதல் சோதனை.

நீலத்திரையில் சதவீதம் ஒன்று ஏறிக்கொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள். விழுந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்ததை விண்டோஸ் டிஸ்க்கில் பதிந்துவைக்கும் வேலை அது. பழுதானது டிஸ்க்கே என்றால்? எண் 0-விலேயே நின்றுவிடுவதுண்டு. சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது, எழுதத்தான் தாள் இல்லை!

130 கிலோமீட்டர் வேகத்தில்

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. மேசைக் கணிப்பொறியில் உள்ளது பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். விநாடிக்கு 120 சுற்று. தட்டின் விட்டம் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர். விளிம்பின் வேகத்தை நீங்களே கணக்கிடுங்கள். விநாடிக்கு சுமார் 36 மீட்டர் வரும். மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் ஓடும் பரப்புக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், காற்று மெத்தையில் மிதக்கிறது படிக்கும் முனை. உங்கள் தலைமுடியின் தடிமன் 50,000 நானோமீட்டருக்குக் குறையாது. ஒரு துகள் புகையே அந்த முனைக்கு மலை.

பரப்பில் செய்தி நுண்ணிய காந்தப் புள்ளிகளாகப் பதிந்திருக்கிறது. அத்தனை மெல்லிய காந்தப்புலத்தை உணரும் முனைகள் வளர வழிசெய்த விளைவை 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் என்ற இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 2007-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

செய்தி 512 அல்லது 4,096 பைட்டுகள் கொண்ட செக்டார்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றோடும் பிழைதிருத்தும் எண்களும் சேர்ந்திருக்கும். சிறு பிழைகளை டிஸ்க் தானே திருத்திக்கொள்ளும், நமக்குத் தெரியாது. திருத்த முடியாவிட்டால், தட்டு அடுத்த சுற்று வரும்வரை காத்திருந்து மறுபடி படிக்கும். மறுபடியும், மறுபடியும். மவுஸ் நகராமல் நின்ற அந்த அரை நிமிடம் நினைவிருக்கிறதா? ஒரு செக்டாரோடு டிஸ்க் போராடிக்கொண்டிருந்த நேரம் அது.

படிக்கவே முடியாத செக்டாரை டிஸ்க் 'நிலுவை' என்று குறித்துவைக்கும். பிறகு அதே இடத்தில் புதிதாக ஏதாவது எழுத நேர்ந்தால், அந்த இடத்தைச் சோதிக்கும். தேறவில்லை என்றால் சேமிப்பில் உள்ள உதிரி செக்டார் ஒன்றை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளும். 'ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், சரியாகிவிட்டது' என்று சிலர் சொல்வதன் இரகசியம் இதில் இருக்கிறது. எழுதியதால் நிலுவை தீர்ந்தது. அங்கே இருந்த செய்தி போனது போனதுதான். பரப்பு உதிர்ந்துகொண்டிருந்தால் அடுத்த வாரம் வேறு இடத்தில் மறுபடி தொடங்கும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் முதுகலை மாணவி ஒருத்தி, திரவக் கலவைகளில் மீயொலியின் வேகத்தை அளந்துகொண்டிருந்தாள். நான்கு மாத உழைப்பு. முதல் இரண்டு மாத அளவீடுகளை நோட்டில் எழுதிவந்தாள். 'கணிப்பொறி இருக்கும்போது நோட்டு எதற்கம்மா?' என்று கேட்டது நான்தான். அதன் பிறகு நோட்டை விட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை 7ஏ வந்தது. அணைத்துப் போட்டதும் கணிப்பொறி எழுந்துவிட்டது. அவளுடைய கோப்புகளும் தெரிந்தன. அப்போதே ஒரு பென் டிரைவில் நகலெடுத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. நானோ, நோயை முதலில் தீர்ப்போம் என்று எண்ணி, சிஎச்கேடிஎஸ்கே என்னும் கட்டளையை 'ஆர்' விருப்பத்தோடு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரையும் படித்துப் பார்க்கும் கட்டளை. நல்ல டிஸ்க்குக்கு நல்ல சோதனைதான். ஆனால் பரப்பு உதிரத் தொடங்கிய டிஸ்க்கை இரவெல்லாம் ஓடவிட்டால், உதிர்ந்த துகள்களும் சேர்ந்து கீறும். கால் முறிந்தவனை ஓடச் சொல்லிச் சோதித்ததுபோல் ஆயிற்று. சனிக்கிழமை காலை அந்த டிஸ்க்கைக் கணிப்பொறி அடையாளமே காணவில்லை.

அவள் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

எதை முதலில் செய்வது?

ஆகவே வரிசை முக்கியம். கணிப்பொறி எழுந்தவுடன், வேறு எதையும் தொடாமல், உங்களுக்கு வேண்டிய கோப்புகளை வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகலெடுங்கள். மறுபடி உருவாக்க முடியாதவை முதலில்: நீங்கள் எழுதியவை, வீட்டுப் புகைப்படங்கள். சினிமாவும் விளையாட்டும் கடைசியில். விண்டோஸ் எழ மறுத்தால் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் வழியாக வேறொரு கணிப்பொறியில் மாட்டிப் படிக்கலாம். பிட்லாக்கர் பூட்டு உள்ள கணிப்பொறியானால் அதற்கு 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவைப்படும். அதை இன்றே தேடி எழுதி வையுங்கள். டிஸ்க் மிகவும் நலிந்திருந்தால் லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்னும் இலவசப் புரோகிராம் உதவும். அது தேர்வு எழுதத் தெரிந்த மாணவனைப் போன்றது. எளிதாகப் படிக்க முடிந்தவற்றை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கடினமானவற்றுக்குக் கடைசியில் திரும்பி வரும். டிக் டிக் ஓசை நிற்காமல் கேட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அணைத்துவிட்டு, தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுங்கள், செலவு அதிகம்.

நகல் கைக்கு வந்த பிறகுதான் ஆராய்ச்சி. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். அந்த ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவசப் புரோகிராம் அதைக் காட்டும். மாற்றி வைத்த செக்டார்கள், நிலுவைச் செக்டார்கள் ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டும் 0 என்றால் நல்லது. 1ஏ என்று இருந்தால் திகைக்காதீர்கள். இங்கும் 16 அடிமானம்தான், 26 என்று பொருள். இன்று பார்த்த எண் அடுத்த வாரம் கூடியிருந்தால் டிஸ்க்கை மாற்றும் காலம் வந்துவிட்டது. இந்த இரண்டும் 0-ஆக இருந்து, சிஆர்சி பிழை என்ற வரி மட்டும் ஏறியிருந்தால், பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. சொற்ப விலையுள்ள கேபிளுக்காக டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு!

விண்டோஸில் ஈவண்ட் வியூவர் என்னும் நாட்குறிப்பும் இருக்கிறது. அதில் 'டிஸ்க்' என்ற பெயரோடு 7 என்ற எண் திரும்பத் திரும்ப வந்திருந்தால், கெட்ட செக்டார் என்று பொருள். டிஸ்க் நலமாக இருந்தும் நீலத்திரை வந்தால், விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் கொண்டு நினைவகத்தைச் சோதியுங்கள். சிஎச்கேடிஎஸ்கே கட்டளைக்கு இப்போது இடம் உண்டு.

'எங்கள் கணிப்பொறியில் எஸ்எஸ்டி அல்லவா?' என்று சிலர் கேட்பீர்கள். அதில் சுற்றும் தட்டும் இல்லை, மிதக்கும் முனையும் இல்லை. டிக் டிக் ஓசையும் வராது. கெடும்போது சொல்லாமல் கெடுவதும் உண்டு. நகலெடுக்கும் விதியில் அதற்குச் சலுகை இல்லை.

அந்த மாணவி, விட்டுப்போன இரண்டு மாத அளவீடுகளை ஐந்து வாரங்களில், மாலை நேரங்களிலும் ஆய்வுக்கூடத்தில் இருந்து, மறுபடி எடுத்தாள். இம்முறை நோட்டிலும் எழுதினாள். இறந்த டிஸ்க்கை நாங்கள் திறந்து பார்த்தோம். பளபளக்கும் தட்டில் மெல்லிய வளையமாக ஒரு கீறல் இருந்தது. உள்ளேயிருந்த இரண்டு நியோடைமியக் காந்தங்களையும் எடுத்து வைத்துக்கொண்டோம். செங்குத்தாகப் பிடித்த செம்புக் குழாய்க்குள் காந்தம் மெதுவாக இறங்குவதை முதலாண்டு மாணவர்களுக்குக் காட்ட இன்றும் அவற்றில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறோம்.