முத்துக் குளிப்போரின் கயிறு

கடலுக்குச் செல்லும் மனிதனைக் காப்பது எது? படகின் உறுதி என்பர் சிலர். நீந்தும் திறமை என்பர் சிலர். தெய்வத்தின் துணை என்பர் வேறு சிலர். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், தூத்துக்குடிக் கடலில் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்த மக்களின் வழக்கத்தைப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. படகின் மேல் நின்று, கண்ணிமையாது கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றொரு மனிதனே அந்த விடை. அந்தக் கயிற்றைப் பற்றியும், இன்று கல்லூரிகளில் பாய்ப்படகுச் சங்கம் அமைத்துக் கடலேறும் மாணவர்கள் அதனிடமிருந்து கற்க வேண்டுவதைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கருகே இருந்த கொற்கையின் முத்து உலகப் புகழ் பெற்றது என்பதை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடற்செலவு' என்னும் நூல் ஒரு செய்தியைக் கூறுகிறது. பாண்டிய நாட்டு முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்பதே அது. அதாவது, உயிரைப் பொருட்படுத்தாமல் செய்விக்கும் வேலை என்று இத்தொழில் ஒரு காலத்தில் எண்ணப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட தொழிலைத் திறமையும் ஒழுங்கும் உடைய கலையாக வளர்த்தவர்கள் பரதவ மக்களும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் குளியாளிகளும் ஆவர்.

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொலையாயிரம் பார் அவற்றுள் புகழ் வாய்ந்தது. இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே, கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே குளிப்புக்கு ஏற்ற காலம். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் புறப்படும்; விடியலில் பாரை அடையும்; நண்பகல் அளவில் வேலை நின்று, கடற்காற்றில் கரை திரும்பும். புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனி மனிதனின் ஆசை முடிவு செய்யவில்லை. காற்றும் பொது விதியும் முடிவு செய்தன. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து நடந்த முத்துக் குளிப்பே இக்கரையின் கடைசிப் பெருங்குளிப்பு.

இனிக் குளிக்கும் முறையைப் பார்ப்போம். ஒவ்வொரு குளியாளிக்கும் படகின் மேல் ஒரு துணையாள் உண்டு. குளியாளி, கயிற்றில் கட்டிய கனத்த கல்லின் மேல் காலை ஊன்றி, மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு இறங்குவார். அவர் அடியைத் தொட்டதும் துணையாள் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பி சேர்க்கும் வலைப்பைக்கு வேறொரு கயிறு உண்டு. கீழே இருப்பவர் அதைச் சுண்டினால், மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றொருவர் இளைப்பாறுவார். இருவரும் மாறி மாறி ஒரே கல்லில் இறங்குவர். குளியாளி தமக்குக் கிடைத்த சிப்பியில் ஒரு பங்கைத் துணையாளுக்குக் கொடுப்பார். காவல் செய்தவருக்கும் ஊதியம் உண்டு என்பதை இங்கே கவனியுங்கள். காவல் என்பது ஓய்ந்த நேரத்தில் செய்யும் உபகாரமன்று. அதுவும் தொழிலின் ஒரு பாதி.

இந்த ஏற்பாட்டின் அருமையை விஞ்ஞானம் பின்னாளில் விளக்கியது. நீரில் பத்து மீட்டர் இறங்கும்தோறும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. பதினெட்டு மீட்டர் ஆழத்தில் உடலின் மேல் உள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை நமக்கு உண்டாக்குவது பெரும்பாலும் பிராணவாயுவின் குறைவு அன்று. இரத்தத்தில் கரியமிலவாயு மிகுவதே. ஒருவர் இறங்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால் கரியமிலவாயு குறைந்துவிடுகிறது; தவிப்பு தாமதமாகிறது; பிராணவாயுவோ தீர்ந்துகொண்டே போகிறது. ஆழத்தில் உள்ள அழுத்தத்தால் எஞ்சிய பிராணவாயு இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். மேலே வரவர அழுத்தம் குறைந்து அதுவும் நின்றுபோகும். ஆகவேதான் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, யாதொரு முன்னறிவிப்புமின்றி, மயக்கம் வருகிறது. மயங்கியவர் கூவ முடியாது. கயிற்றைச் சுண்டவும் முடியாது. அந்த நிலையில் அவருடைய உயிர் முழுவதும் பிறருடைய கவனத்தில் இருக்கிறது. வலியவருக்கும் தேர்ந்தவருக்கும் துணை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று உண்டோ?

குளியாளிகளின் மற்றோர் அச்சம் சுறாமீன். அதற்குப் பரிகாரமாகக் 'கடல்கட்டி' என்பவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் என்பது நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். 1890-ஆம் ஆண்டுக் குளிப்பின்போது தூத்துக்குடியில் ஒருவரைச் சுறா கடித்துவிட, எல்லோரும் அஞ்சினர். மந்திரம் அறிந்த ஒரு மூதாட்டியை அமர்த்திய பின்னரே அச்சம் தணிந்தது என்று எட்கர் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். இதைக் கேட்டு நகைப்பது எளிது. நான் நகைக்க மாட்டேன். கடலில் இறங்குபவனின் அச்சத்தையும் ஒரு பொருட்டாக மதித்து அதற்கென ஒருவரை நியமித்தார்களே, அது பெரிய காரியம். ஆனால் அச்சத்தைத் தணிப்பது வேறு, ஆபத்தைத் தடுப்பது வேறு. மந்திரம் முன்னதைச் செய்தது. பின்னதைச் செய்தது கயிறுதான். இன்றும் பல இடங்களில் சுவரில் ஒட்டிய விதிப்பட்டியலும், கையொப்பமிட்ட உறுதிமொழித் தாளும் கடல்கட்டியின் வேலையை மட்டுமே செய்கின்றன. மனத்துக்கு ஆறுதல் உண்டு. கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை.

ஆபத்து கடலில் மட்டும் இருந்ததில்லை. குளிப்புக் காலத்தில் ஆளில்லாக் கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடித் திடீரென ஒரு நகரம் எழும். அங்கே நல்ல தண்ணீரும் துப்புரவும் தவறினால் காலரா புகுந்துவிடும். குளியாளியைக் காப்பது என்றால் அவர் கரையில் உண்பதையும் உறங்குவதையும் சேர்த்தே காப்பது என்பதை மக்கள் பல உயிர்களை இழந்து அறிந்துகொண்டனர்.

காலம் மாறியது. பாறைப் பவளங்களும் கடற்புற்களும் நிறைந்த இந்தத் தீவுப் பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று, 2011-இல் வ.உ.சிதம்பரனாரின் பெயரைப் பெற்றது. முத்துக் குளிப்பு நின்றாலும் சங்கு குளிப்பு நிற்கவில்லை. காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியே மூச்சு வாங்கிக் குளிக்கும் வழக்கமும் வந்தது. நெடுநேரம் ஆழத்தில் இருந்தால் நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கி முடமாக்கக்கூடும். கருவி வளர வளரக் காவலும் வளர வேண்டும் என்பது இதன் பாடம்.

இனி மாணவர்களாகிய உங்களிடம் வருகிறேன். தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் சேர்ந்தோர் துடுப்பு வலிக்கவும் பாய் விரிக்கவும் பழகுகின்றனர். பல்கலைக்கழகங்களில் பாய்ப்படகுச் சங்கங்களும் உண்டு. அங்கே கயிறு எது? புறப்படுமுன் ஒவ்வொரு பெயரையும் எழுதி, திரும்பியபின் ஒவ்வொரு பெயராக அழித்துப் பார்க்கும் ஏடு ஒரு கயிறு. 'எனக்கு நீந்தத் தெரியும்' என்பவரும் அணிய வேண்டிய மிதவைச் சட்டை ஒரு கயிறு. பாய்ப்படகுகள் கடலில் இருக்கும்வரை கரைக்குத் திரும்பாத காவற்படகு ஒரு கயிறு. காற்று வலுத்தால் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரமும், அதைச் சொன்னவரை எவரும் கோழை என்று ஏசாத பண்பும் ஒரு கயிறு.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. படகில் மூத்தவன் சொல்லே சட்டம். கடலில் அது தேவை. அந்த அதிகாரத்தைக் கரைக்கும் கொண்டுவந்து, புதிதாகச் சேர்ந்தவரை இழிவுபடுத்துவோர் சிலர் உண்டு. மாணவிகளிடம் வரம்பு மீறுவோரும் உண்டு. இத்தகைய கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் செய்தவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. முறையீடு வந்தும் நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத் தலைவரையும் குற்றத்துக்கு உடந்தையானவராக அது கருதுகிறது. கயிற்றைப் பிடித்திருப்பவன் வேறு பக்கம் பார்த்தால் அவனும் பொறுப்பாளியே என்பதன்றோ இதன் கருத்து?

ஆகையால் ஒவ்வொரு சங்கத்திலும், படகுத் தலைவரல்லாத ஒருவர், எவரும் அஞ்சாமல் அணுகிக் குறை சொல்லக்கூடியவராக இருத்தல் வேண்டும். அவர் யார் என்பது சேர்ந்த முதல் நாளிலேயே அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூச்சத்தால் வாய் திறவாதவர், நீருக்கடியில் மயங்கியவரைப் போன்றவர். அவரால் கயிற்றைச் சுண்ட முடியாது. அவர் கூப்பிடட்டும் என்று காத்திராமல், அவர் முகம் வாடியிருப்பதை நாமே கண்டு கேட்க வேண்டும்.

முத்தை எடுத்து வந்தவரின் பெயரை ஊர் சொல்லும். கயிற்றைப் பிடித்தவரின் பெயரை எவரும் சொல்வதில்லை. ஆயினும் அவரின்றி முத்தும் இல்லை, குளியாளியும் இல்லை. கடலேறும் இளைஞர்களே, பாய் விரிக்கக் கற்பதற்கு முன் கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.