சின்னம்மை போன பிறகு எங்கே போகிறது?

வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மை இறங்கிவிட்டது என்போம். கொப்புளங்கள் உதிர்வது உண்மைதான். கிருமி மட்டும் போவதில்லை.

மூச்சுக்காற்று வழியே நுழையும் சின்னம்மை வைரஸ், 10 முதல் 21 நாள் வரை உடலுக்குள் ஓசையில்லாமல் பெருகுகிறது. பிறகு காய்ச்சல், கொப்புளம். கொப்புளம் தெரிய ஓரிரு நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரவவும் தொடங்கிவிடும். நோய் தணிந்ததும், முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் பதுங்கிக்கொள்கிறது. அங்கே பல பத்தாண்டுகள்கூட இருக்கும்.

வயது ஏறி எதிர்ப்பு சக்தி குறையும்போது, ஏதாவது ஒரு முடிச்சிலிருந்து கிளம்பி, அந்த நரம்பு வழியாகவே தோலுக்குத் திரும்புகிறது. அதுதான் அக்கி. ஒரே நரம்பின் எல்லைக்குள் நிற்பதால் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருகிறது. முதலில் எரிச்சலும் குத்தலும், கொப்புளம் அப்புறம்தான். அதற்குள் வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தவர்கள் எத்தனையோ பேர்! பழைய வைரஸ்தான் இப்படித் திரும்புகிறது என்பதை, தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1965-இல் விளக்கியவர் எட்கர் ஹோப்-சிம்சன் என்ற இங்கிலாந்துக் குடும்ப மருத்துவர்.

குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம். அது அவரவர் நம்பிக்கை. ஆனால், கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை நன்றாக வேலை செய்யும். கண்ணருகே வந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.